வீரக்குட்டி போட்ட வளையம்

வீரக்குட்டிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். சுத்தப் பொய். மூக்குவரை ஏறிவர அதற்குப் பொறுமை ஏது? நேரே கைக்குத்தான் வரும். இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் குடியிருந்த காலத்தில், லிஃப்ற்றுக்குள் சிகரெட் பிடித்தவனை, லிஃப்ற் கீழே வந்து சேருவதற்குள் அடித்து இருத்தியவர் அவர். கோப்பை கழுவிய உணவகத்தில் சமையற்காரன் ஒருவன் சோம்பேறி என்று சொல்லப்போய், அடுத்த வாரம் முழுக்க உறிஞ்சு குழாயால்தான் சாப்பிட்டான். அதற்குப் பிறகு எலெக்ற்றீசியன் படிப்புப் படித்தார், லைசன்ஸ் எடுத்தார், மனோரஞ்சிதத்தைக் கலியாணம் கட்டினார், அஜக்ஸில் வீடும் வாங்கினார். குணம் மட்டும் மட்டக்களப்பை விட்டு வெளிக்கிட்டபோது இருந்த அதே குணம்.

"வாயால ஏசத் தெரியாத மனுசனக் கட்டித் தந்திற்றாங்க" என்று மனோரஞ்சிதம் தலையில் அடித்துக்கொள்வாள். அவள்மேல் அவர் ஒருநாளும் கைவைத்ததில்லை. அதையும் சொல்லவேண்டும் அல்லவா?

அவருக்கு வாய்த்த வேலையிடமும் அவருக்கு ஏற்றதுதான். பிறம்ரனுக்கு அப்பால், லொறிகள் வரிசைகட்டி நிற்கும் தெருவின் முடிவில், பழைய கார்களைத் தின்கிற முற்றம் அது. ஒரு முழுக் காரைத் தூக்கி ஷ்ரெடரின் வாய்க்குள் போட்டால், உள்ளே சுழலும் சம்மட்டிகள் அதை அடித்து நொறுக்கி, கைப்பிடி அளவு துண்டுகளாக மறுபக்கம் துப்பும். துப்பியதை நீளமான பெல்ற் சுமந்துபோய் இரும்பு மலையாகக் குவிக்கும். பெற்றோல் மிச்சமிருந்த தாங்கி ஏதும் தப்பி உள்ளே போனால் குண்டு வெடித்த சத்தம் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எங்கள் ஆட்கள் அந்தச் சத்தத்துக்கு நிலத்தில் விழுந்து படுத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் பகிடி பண்ணுகிற கூட்டம், அதை மட்டும் பகிடி பண்ணாது.

அத்தனை மெஷினையும் ஓட்டுவதும் நிறுத்துவதும் உயரத்தில் இருக்கிற கண்ணாடிக் கபினில் இருந்துதான். கபினில் இருந்து மெஷின்களுக்குக் கட்டளை கொண்டுபோவது விரல் தடிப்பில் ஒரு கேபிள். ஆரம்பத்தில் அது ஒற்றைக் கேபிளாகத்தான் கிடந்தது. இரும்பு அள்ளுகிற லோடரை ஓட்டுகிறவன் கொஞ்சம் கண்ணயர்ந்து அதைப் பிய்த்தெறிந்தால் போதும், முற்றம் முழுக்கச் செத்துப்போகும். முதலாளி இறங்கிவந்து வீரக்குட்டியின் தலையில் ஏறி நிற்பார். பிய்த்தவன் ஒருத்தன், ஏச்சு வாங்குகிறவன் இன்னொருத்தன். இது எந்த ஊர் நியாயம்?

கடைசியில் வீரக்குட்டி முதலாளியிடம் மல்லுக்கட்டி அந்த வளையத்தைப் போட்டார். கேபிள் கபினில் தொடங்கி, ஷ்ரெடர், பெல்ற், லொறித் தராசு என்று ஒவ்வொரு மெஷினின் பெட்டியையும் தொட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் கபினுக்கே திரும்பி வரும். ஒரு பக்கம் அறுந்தால், கண் வெட்டுவதற்குள் கட்டளை மற்றப் பக்கத்தால் சுற்றிப் போய்விடும். அறுந்த சங்கதி மெஷினுக்கே தெரியாது. பெல்ற்றுக்கு இரண்டு பக்கமும் செத்துப்போனால் மட்டும், பெல்ற் தன்பாட்டில் நின்றுவிடும். சொல் கேளாத மெஷின் ஓடக்கூடாது என்பது விதி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எப்படிச் சாகும்? சாகவே கூடாதென்று, ஒரு பக்கக் கேபிளை வேலித் தூண்களின்மேல் உயரத்தில் கொண்டுபோனார். மற்றதை நிலத்துக்குள் இரும்புக் குழாயில் இறக்கி, லொறித் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கொங்கிறீற் கட்டைக்குள்ளால் மேலே எடுத்தார். ஒரே லோடர் இரண்டையும் பிய்க்க ஏலாது.

அதற்குப் பிறகு மனுசனைப் பிடிக்க முடியவில்லை. பிறந்தநாள் வீடோ, சாமத்திய வீடோ, எங்கே போனாலும் இதே கதை. "எங்க வேணுமெண்டாலும் கோடாலியால வெட்டுங்க. மெஷின் நிண்டா என்ர மீசைய எடுக்கிறன்" என்பார். கேட்டுக் கேட்டுச் சனத்துக்குக் காது புளித்துப்போயிற்று. ஆனாலும் உண்மை உண்மைதான். வளையம் போட்ட நாளில் இருந்து முற்றம் கேபிளால் நின்றதே இல்லை.

கபினில் இருந்தவன் ஜனார்த்தன். யாழ்ப்பாணத்தான், கெட்டிக்காரன், நாக்கில் நஞ்சு. அவனுக்கும் வீரக்குட்டிக்கும் முதல்நாளில் இருந்தே கீரியும் பாம்பும்தான். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு அறையில் வீரக்குட்டி மீன்குழம்புப் பெட்டியைத் திறந்து, "கொஞ்சம் போட்டுக்க மனே" என்று பக்கத்தில் இருந்தவனுக்கு நீட்டினார். ஜனார்த்தன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கமாட்டானே.

"மட்டக்களப்பார்ர கறி கண்டியோ, கவனம். திண்டா பாயோடை ஒட்டிப்போடுவாய்."

எல்லாரும் சிரித்தார்கள். மட்டக்களப்புக்குப் போனவனை மருந்து மாயம் போட்டுப் பாயோடு ஒட்டி அங்கேயே இருத்திவிடுவார்கள் என்கிற பழைய பகிடி. வீரக்குட்டியும் சிரித்துக்கொண்டே, "பனங்கொட்டை சூப்பிக்கு மீன்ட ருசி எங்க விளங்கப்போகுது" என்று யாழ்ப்பாணத்தாருக்கு உள்ள பழைய பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு முடிந்திருக்கவேண்டிய கதை. ஜனார்த்தன் விடவில்லை.

"உம்மை மனோரஞ்சிதம் அன்ரி ஒட்டித்தானே வைச்சிருக்கிறா. வேறை ஆரை ஆரை ஒட்டினவவோ, ஆருக்குத் தெரியும்?"

சாப்பாட்டுப் பெட்டி சுவரில் போய் மோதியது. அடுத்த அடி ஜனார்த்தனின் வாயில். அவன் கதிரையோடு பின்னால் விழுந்தான். விழுந்தவன் எழும்பும்போது கதிரையைத் தூக்கிக்கொண்டுதான் எழும்பினான். கதிரையின் கால் வீரக்குட்டியின் விலா எலும்பில் இறங்கியது. மேசை கவிழ்ந்தது, குழம்பும் இரத்தமும் ஒன்றாக வழுக்க, இருவரும் நிலத்தில் கட்டிப் புரண்டார்கள். கழுத்தைப் பிடித்த பிடியை எடுக்க நாலைந்து பேர் தேவைப்பட்டார்கள். ஜனார்த்தனின் முன்பல் ஒன்று கோப்பிச் சட்டிக்குக் கீழே கிடந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, இனி ஒருவன்மேல் ஒருவன் கைவைத்தால் இருவருமே வெளியே என்று சொல்லிவிட்டுப் போனார்.

கைவைக்கவில்லை. ஒருவரோடு ஒருவர் கதைப்பதையும் விட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதா? ஒரே கலியாண வீட்டில் ஒரே மேசையில் இருந்துகொண்டு, பருப்புச் சட்டியை மூன்றாம் ஆள் மூலம் கேட்டு வாங்குகிற சனம்தானே நாங்கள்! ஆனால் அது பருப்பு. இது கார் தின்கிற மெஷின்.

மூன்றாம் ஆளாக அகப்பட்டவன் ரஜிதன். மனோரஞ்சிதத்தின் தம்பி, வீரக்குட்டிக்கு உதவியாள். காலையில் அஜக்ஸில் இருந்து நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வருவது ஜனார்த்தனின் காரில். வேலை செய்வது வீரக்குட்டியோடு. எனவே இருவருக்கும் அவன் பொது. அன்றில் இருந்து வீரக்குட்டி, இடுப்பில் கொண்டு திரிகிற வோக்கி-ரோக்கியில் ஜனார்த்தனின் பெயரைச் சொன்னதில்லை. "மனே, ஷ்ரெடர நிப்பாட்டட்டாம் எண்டு சொல்லு" என்பார். ரஜிதன் தன் வோக்கியை எடுத்து, "ஜனா அண்ண, ஷ்ரெடர நிப்பாட்டுங்க" என்பான். ஜனார்த்தன் நிறுத்துவான். பிறகு, "நிப்பாட்டியாச்சு எண்டு சொல்லு அந்தாளுக்கு" என்பான். பக்கத்தில் நிற்கிற வீரக்குட்டியின் காதில் அது நேரே விழும். விழுந்தாலும், ரஜிதன் திருப்பிச் சொல்லும்வரை அவர் அசையமாட்டார். முதலாளி வந்தால் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு இந்தக் கூத்து தெரியாது.

"அத்தான், ரெண்டு பேருக்கும் நடுவில நான் வயர் மாதிரிக் கிடக்கிறன். எனக்கு ஏலாது" என்று ரஜிதன் ஒருதடவை சொல்லிப் பார்த்தான்.

"ஏலாட்டி விடு. நான் அவனோட கதைக்கிறதெண்டா என்ர பொணம்தான் கதைக்கும்" என்றார் வீரக்குட்டி.

பனி கரைந்து முற்றம் சேறாகக் கிடந்த ஒரு முற்பகல். பெல்ற்றின் அடி உருளையில் காரின் பம்பர்த் துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டது. ரஜிதன் வோக்கியில் சொல்ல, ஜனார்த்தன் பெல்ற்றை நிறுத்தினான். மெஷினில் கைவைக்கிற ஒவ்வொருத்தனும் முதலில் போய் மின்சாரத்தை அடைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். பூட்டுப் போடுகிற இடம் இரும்பு மலைக்கு அந்தப் பக்கம். "சின்ன வேலதானே அத்தான்" என்றான் ரஜிதன். வீரக்குட்டியும் ஓம் என்றுவிட்டார். இருவரும் சேர்ந்து பம்பரை இழுத்தெடுத்தார்கள். "சரி ஜனா அண்ண, விடுங்க" என்றான் ரஜிதன். பெல்ற் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

அப்போதுதான் உருளைக்குப் பக்கத்தில் ஒரு வயர்த் துண்டு தொங்கி ஆடுவதை அவன் கண்டான். அதை அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. கையுறை போட்ட கையை நீட்டி அதைப் பிடித்தான். பிடித்ததைத்தான் வீரக்குட்டி கண்டார். அடுத்த கணம் ரஜிதனின் தோள் இரும்புச் சட்டத்தில் அடிபட்டது. கை உருளைக்கும் பெல்ற்றுக்கும் நடுவே போய்விட்டது. வோக்கி தெறித்து, பெல்ற்றின்மேல் விழுந்து, இரும்போடு இரும்பாக மேலே போனது. அவன் கத்தினான். ஷ்ரெடரின் இரைச்சலையும் மீறி அந்தக் கத்தல் கேட்டது.

பெல்ற்றின் நீளத்துக்கு ஓர் இழுகயிறு உண்டு. இழுத்தால் பெல்ற் நிற்கவேண்டும். வீரக்குட்டி பாய்ந்து இழுத்தார். அசையவில்லை. பனிக்காலத்தில் ஐஸ் கட்டி, பாரத்தில் கயிறு தானே இழுபட்டு, பெல்ற் சும்மா சும்மா நிற்கிறது என்று எவனோ ஒரு நாசமாய்ப்போனவன் அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். பனி போய்விட்டது, கட்டை அவிழ்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

தன் இடுப்பில் இருந்த வோக்கியைப் பிடுங்கி வாயில் வைத்தார். "பெல்ற்ற நிப்பாட்டச் சொல்லுங்க! ஆராவது அவனுக்கிட்டச் சொல்லுங்க! நிப்பாட்டச் சொல்லுங்க!"

இரும்பு மலை மறைத்ததில் கபினில் இருப்பவனுக்கு இந்த இடம் தெரியாது. பெல்ற் ஓடிக்கொண்டே இருந்தது. ரஜிதன் இரண்டு காலையும் சட்டத்தில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றான். பெல்ற் முழங்கைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. சேறு சிவந்தது.

மின்சாரத்தை அடைக்க ஓடினால், போய்ச் சேருவதற்குள் பெடியன் தோளோடு போய்விடுவான். கேபிளை அறுத்தால் பெல்ற் நிற்கும்! தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்துக் கோடரியை எடுத்தார். வேலித் தூணில் இறங்கிவரும் கேபிளை ஒரே வெட்டு. கேபிள் இரண்டாகித் தொங்கியது.

பெல்ற் நிற்கவில்லை.

நிற்குமா? எங்கே வெட்டினாலும் நிற்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தானே. கட்டளை மறுபக்கத்தால் சுற்றிக்கொண்டு வந்து, பெல்ற்றை ஓடு ஓடு என்றது. அவருடைய வளையம் பிழையில்லாமல் வேலை செய்தது. வீரக்குட்டி வாழ்க்கையில் எத்தனையோ பேரை வெறுத்தவர். தன் கையால் செய்த ஒன்றை அப்படி வெறுத்தது அன்றைக்குத்தான். "நில்லுடா நாயே! நில்லு!" என்று தொங்குகிற கேபிளைப் பார்த்து அழுதுகொண்டே கத்தினார்.

மற்றக் கேபிள் இரும்புக் குழாய்க்குள், கொங்கிறீற்றுக்குள். கோடரிக்கு அகப்படாது. அகப்படக்கூடாதென்று அவரே போட்டது. லோடர் ஒன்று இயந்திரம் ஓடியபடி சும்மா நின்றது. ஏறினார். லோடரின் இரும்பு வாயைத் தாழ்த்தி, மிதித்த மிதியில் லோடர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்க் கட்டையில் மோதியது. அவர் நெற்றி கண்ணாடியில் அடிபட்டு வெடித்தது. கட்டை சரிந்தது, உடையவில்லை. பின்னுக்கு எடுத்து மறுபடி மோதினார். மூன்றாம் மோதலில் கொங்கிறீற் பிளந்து, குழாய் வேரோடு கிளம்பி, கேபிள் பிய்ந்து பறந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பெல்ற் கட்டளைக்குக் காத்துப் பார்த்தது. பிறகு நின்றது.

கபினில் திரையெல்லாம் சிவந்திருக்கவேண்டும். ஜனார்த்தன் படியால் தடதடவென்று இறங்கி வந்தான். உடைந்த கட்டையையும் லோடரையும் பார்த்து அவன் முகத்தில் ஓர் இளிப்பு எழும்பியதை வீரக்குட்டி கண்டார். அந்த இளிப்பின்மேலேயே குத்தினார். விழுந்தவனின் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி குத்தினார். சேற்றில் இழுத்துக்கொண்டு போய், பெல்ற்றின் அடியில் அவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்திக் காட்டினார். ஜனார்த்தன் பார்த்தான். பார்த்தவன் திருப்பி அடிக்கவில்லை. வாயில் இரத்தம் ஒழுக, தன் இடுப்புப் பெல்ற்றைக் கழற்றி, ரஜிதனின் தோளுக்குக் கீழே போட்டு, காலை ஊன்றி இறுக்கினான். வீரக்குட்டி அலவாங்கு ஒன்றைக் கொண்டுவந்து உருளைக்குள் கொடுத்து நெம்பினார். அந்தளவு வேலையையும் ஒரு சொல்கூடப் பேசாமல் செய்தார்கள் இருவரும். என்ன மனிதர்களோ!

ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது.

தொழிலமைச்சில் இருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து, முற்றத்தைச் சுற்றிப் படம் எடுத்தார். வேலியில் வெட்டின கேபிளையும் தராசடியில் பிய்ந்த கேபிளையும் பார்த்துவிட்டு, இந்த வளையத்தை யார் போட்டது, நேர்த்தியான வேலை என்று பாராட்டினார். வீரக்குட்டி ஷ்ரெடருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ரஜிதனின் மனைவி நிசாந்தினி இருந்தாள். ஒரு கதிரை தள்ளி ஜனார்த்தன் இருந்தான், உதடு வீங்கி, தலை குனிந்தபடி. வீரக்குட்டி எதிர்ச் சுவரோடு நின்றார். ஜனார்த்தன் அவளிடம் சொன்னான்.

"எனக்குக் கேட்டது, தங்கச்சி. வோக்கியிலை அந்தாள் கத்தினது கேட்டது. அந்தாளின்ரை குரல் எண்டாப்போலை சத்தத்தைக் குறைச்சுப்போட்டன். தேவையெண்டா ரஜி சொல்லுவான்தானே எண்டு நினைச்சன்."

நிசாந்தினி அவனைப் பார்த்தாள். பிறகு வீரக்குட்டியைப் பார்த்தாள். "நீங்க என்னெண்டு கூப்பிட்டீங்க? ஜனார்த்தன் எண்டா?"

அவள் எழும்பி வந்து அவர் கன்னத்தில் அறைந்தாள். திரும்பிப் போய் ஜனார்த்தனையும் அறைந்தாள். மறுபடி இவரிடம் வந்தாள். தாதி ஓடிவரும்வரை இரண்டு பேருக்கும் மாறி மாறி விழுந்தது. இருவரும் கையைக்கூடத் தூக்கவில்லை.

சில நாள் போய், பார்க்கலாம் என்று விட்டபோது, இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் போய் நின்றார்கள். ரஜிதன் கண்ணைத் திறந்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஜனார்த்தன் அழுதான். வீரக்குட்டிக்கு அந்த அழுகையைப் பார்க்க முடியவில்லை. எதையாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. பழகின வாய், பழகின வழியால்தான் போயிற்று.

"மனே, அவன அழ வேணாமாம் எண்டு சொல்லு."

ரஜிதன் மெல்லத் தலையைத் திருப்பினான். அவன் முகத்தில் அப்படியொரு வெறியை வீரக்குட்டி கண்டதில்லை. இடக்கையால் தண்ணீர்க் குவளையை எடுத்து அவர் முகத்தில் எறிந்தான். மருந்துத் தட்டை இழுத்து ஜனார்த்தன்மேல் எறிந்தான். "சொல்லமாட்டன்! ஒருத்தனுக்கும் ஒண்டும் சொல்லமாட்டன்! போங்கடா ரெண்டு பேரும்!" என்று கத்திக்கொண்டு, இல்லாத கையையும் சேர்த்து வீசி எழும்பப் பார்த்தான். கட்டுப் போட்ட குறைக்கை கட்டிலின் கம்பியில் அடிபட்டது. வெள்ளைக் கட்டு ஒரு நொடியில் சிவந்து, படுக்கை விரிப்பில் இரத்தம் ஓடத் தொடங்கியது.

வீரக்குட்டி பாய்ந்து அந்தக் குறைக்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். விரல்களுக்குள்ளால் இரத்தம் வழிந்தது.

"ஜனார்த்தன்! நேர்ஸக் கூப்பிடு! ஓடு, ஜனார்த்தன், ஓடு!"

"இந்தா, ஓடுறன் அண்ணை!" என்று ஜனார்த்தன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினான்.

ரஜிதன் தலையணையில் சரிந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. மூச்சு வாங்க, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"அந்தப் பேர அண்டைக்குச் சொல்லியிருந்தா எனக்குக் கை இருந்திருக்கும், அத்தான்."